எத்தனை சொல் சொல்லுவா?

போன முறை எங்கட குஞ்சு நடக்கத் தொடங்கின கதையை எழுதியிருந்தேன். இப்ப அவ நடக்கிறதில்லை, ஒரே ஓட்டம்தான். ஆனபடியால் இந்த முறை காலை விட்டுட்டு வாய்க்கு வருவம்.

பதினெட்டு மாத ஊசிக்கு எங்கட பகுதி சி.எல்.எஸ்.சி.க்குப் போனோம். மாசி மாதக் குளிர். சப்பாத்து, தொப்பி, கையுறை, பனி உடுப்பு எல்லாம் கழற்றி முடிக்கவே பத்து நிமிஷம். துணைக்கு அம்மாவும் வந்தவ. தாதி நல்ல பிள்ளை. நிறை பார்த்தா, உயரம் பார்த்தா, தலையைச் சுற்றி அளந்தா. பிறகு எழுதிக்கொண்டே கேட்டா: "எத்தனை சொல் சொல்லுவா?"

நான் விரல் மடிச்சு எண்ணினேன். நோ. அதுதான் அவவின்ர முதல் சொல், இன்னும் ஆகப் பிடிச்ச சொல். பிறகு அங்கோர், லே, தோதோ. ஆங்கிலத்தில் ஷூ, பை.

"ஆறு" என்றேன். சொல்லும்போதே குரல் இறங்கிப் போச்சு.

அம்மாவுக்குப் பிரெஞ்சு நல்லா விளங்கும், கதைக்கத்தான் கூச்சம். பக்கத்தில் இருந்து என்னைப் பார்த்தா. "ஆறோ? என்ன பிள்ளை சொல்றாய்? காகா சொல்லுவா. பூ சொல்லுவா. தா சொல்லுவா. வேணாமெண்டால் 'ஆணாம்' எண்டுவா. சாமி சொல்லுவா. தண்ணியைத் தண்ணி எண்டே வடிவாச் சொல்லுவா. நேற்று என்னை 'மம்மா' எண்டு கூப்பிட்டவ. இதெல்லாம் சொல்லில்லையோ?"

எனக்கு முகம் சுட்டது. தமிழை நான் எண்ணவேயில்லை. பிரெஞ்சில் கேட்ட கேள்விக்குப் பிரெஞ்சும் ஆங்கிலமும்தான் விடை என்று என்ர மூளை தானாகவே முடிவு செய்திருந்தது. மொழிபெயர்த்துச் சொன்னேன். தாதி சிரிச்சா. "எல்லாத்தையும் எண்ணுங்கோ" என்று சொல்லி, ஆறை வெட்டிப்போட்டுப் பதின்மூன்று என்று எழுதினா. வீட்டுக்கு வந்து யோசிச்சதில் அம்மா, அப்பா, இஞ்ச, சுது (சுடுது என்பதற்கு) என்று இன்னும் நாலு. மொத்தம் பதினேழு.

இப்ப ஒரு உண்மையைச் சொல்ல வேணும். இது நடக்கிறதுக்கு இரண்டு கிழமைக்கு முதல், ஸ்காபரோவில் இருக்கிற மச்சாள் வாட்ஸப்பில் ஒரு வீடியோ போட்டிருந்தா. எங்கட குஞ்சின்ர வயதுப் பிள்ளை, படம் பார்த்துப் படம் பார்த்து ஆங்கிலத்தில் பெயர் சொல்லுது. அன்றிரவு நான் இவரிடம் கேட்டேன்: "கார்டரியிலயும் பிரெஞ்சு. கொஞ்ச நாளைக்கு வீட்டிலயும் பிரெஞ்சில மட்டும் கதைச்சுப் பார்ப்பமோ? பிள்ளை குழம்பிப் போறாவோ தெரியேல்லை."

அந்த வசனம் எனக்குப் புதுசில்லை. எங்கட வீட்டுக்கு அது ஒருக்கா வந்து போன வசனம்.

1977இல் 101ஆம் சட்டம் வந்த பிறகு, கியூபெக்குக்குக் குடிவந்த குடும்பத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் பிரெஞ்சுப் பள்ளிக்குத்தான் போனோம். நானும் அப்படித்தான், தம்பியும் அப்படித்தான். தம்பி பாலர் வகுப்பில் வாய் திறக்கவில்லை. அவன்ர ஆசிரியர் அம்மாவைக் கூப்பிட்டு, வீட்டில் பிரெஞ்சில் கதையுங்கோ, அதுதான் பிள்ளைக்கு நல்லது என்று சொன்னா. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அம்மாவும் சொன்னதைச் செய்தா. அப்ப அவவுக்குத் தெரிஞ்சது கொஞ்சப் பிரெஞ்சு. வா, சாப்பிடு, கை கழுவு, கெதியா வெளிக்கிடு. கதை சொல்லவோ, பகிடி விடவோ, ஏன் அழுகிறாய் என்று ஆறுதலாகக் கேட்கவோ அந்தப் பிரெஞ்சு காணாது. தம்பிக்குப் பிரெஞ்சு வந்தது. அது எப்படியும் பள்ளியில் வந்திருக்கும். ஆனால் தமிழ் போச்சு.

போன வருஷம் யாழ்ப்பாணத்தில் அம்மம்மா கடைசியாக இருந்த நேரம், வீடியோவில் ஒவ்வொருத்தராகக் கதைச்சோம். தம்பி போனை வாங்கி, "அம்மம்மா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டான். "ஓம் ராசா" என்றா. அவனுக்கு அடுத்த வசனம் வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, திரும்பவும் "சாப்பிட்டீங்களா?" என்றான். அவவும் திரும்ப, "ஓம் ராசா." முப்பது வயது ஆம்பிளை, போனை என்ர கையில் தந்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான்.

அதைக் கண்ட நானே, ஒரு வீடியோவைப் பார்த்த பயத்தில் அதே முடிவுக்குப் போகப் பார்த்தேன். அதனால்தான் இந்த முறை கொஞ்சம் தேடி வாசிச்சேன். வாசிச்சால், பதிலில் பாதி எங்கட ஊரிலேயே கிடக்குது.

ஒரு காலத்தில், இரண்டு மொழி பேசும் பிள்ளைகள் அறிவில் பின்தங்குவினம் என்று படிச்சவர்களே நம்பினார்கள். அப்படிக் காட்டின பரிசோதனைகள் பலவற்றில், வசதி குறைஞ்ச குடும்பத்துப் பிள்ளைகளை வசதியான வீட்டுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டிருந்தார்கள். மக்கில் பல்கலைக்கழகத்தின் எலிசபெத் பீல், வாலஸ் லாம்பேர்ட் இருவரும் அந்தப் பிழையைத் திருத்தி, மொன்றியலில் பத்து வயதுப் பிள்ளைகளைப் பரிசோதிச்சு 1962இல் முடிவை வெளியிட்டார்கள். குடும்ப வசதியைச் சமப்படுத்திப் பார்த்தபோது, பிரெஞ்சும் ஆங்கிலமும் ஒரேயளவு தெரிஞ்ச பிள்ளைகள் பின்தங்கவில்லை. பல பரிசோதனைகளில் ஒருமொழிப் பிள்ளைகளை விடக் கூடவே எடுத்தார்கள். பிள்ளைகளைத் தெரிவு செய்த விதத்தில் பிறகு வந்தவர்கள் குறை சொன்னதும் உண்டு. இரண்டு மொழி தெரிஞ்சால் மேதையாகலாம் என்று நானும் சொல்ல வரவில்லை. ஆனால் "கெட்டுப் போகும்" என்ற பயத்துக்கு அடி விழுந்தது இந்த ஊரில்தான்.

அது பத்து வயதுப் பிள்ளைகளின் கதை. தவழுற வயதுக்கு என்ன? 1993இல் பார்பரா பியர்சனும் கூட்டாளிகளும் மயாமியில் ஸ்பானியமும் ஆங்கிலமும் கேட்டு வளரும் குழந்தைகளின் சொற்களை எண்ணினார்கள். ஒரு மொழியை மட்டும் எடுத்துப் பார்த்தால் குறைவாகத் தெரியலாம். இரண்டு மொழியையும் கூட்டினால், ஒருமொழிக் குழந்தைகளின் கணக்கோடு ஒத்துப் போகுது. அம்மா சி.எல்.எஸ்.சி.யில் விரல் மடிச்சுச் செய்தது அதே கணக்குத்தான்.

கலந்து கதைச்சால் குழம்பாதோ என்று கேட்பீர்கள். நாங்கள் எல்லாரும் "லே குடிச்சு முடி" என்று சொல்லுற ஆட்கள்தானே! கொன்கோர்டியா பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டா பையர்ஸ்-ஹைன்லைன் குழு, பிரெஞ்சும் ஆங்கிலமும் கேட்டு வளரும் இருபது மாத மொன்றியல் குழந்தைகளுக்கு, ஒரு வசனத்தின் நடுவில் மொழியை மாற்றிச் சொல்லி, கண்ணின் கருமணி விரியுறதை அளந்தது. மாறுற இடத்தில் குழந்தையின் மூளைக்குக் கொஞ்சம் கூட வேலை. பெரியவர்களைச் சோதிச்சபோதும் அதேதான். ஒரு வசனத்தை ஒரு மொழியில் முடிச்சுவிட்டு அடுத்த வசனத்தில் மாறினால் அந்தச் சிரமம் குறையுது. ஆக, ஒரு வசனத்தை முழுசாகத் தமிழில் சொல்லிப் பழகினால் பிள்ளைக்கு இன்னும் லேசு. இது 2017இல் வந்த ஆய்வு.

இன்னொன்றும் வாசிச்சேன். அதுதான் என்னைத் தூங்க விடாமல் செய்தது. கனடாவில் ஜனெட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வு. ஆங்கிலம் மட்டும் கேட்டு வளரும் குழந்தைகள் ஆறு, எட்டு மாதத்தில் இந்தியில் உள்ள இரண்டு வகை "த"வையும் பிரிச்சுக் கேட்குதுகள். ஒன்று பல்லில் நாக்குத் தொடுவது, மற்றது நாக்கை மடிப்பது. பத்துப் பன்னிரண்டு மாதம் ஆகும்போது பெரும்பாலானதுகளுக்கு அந்த வேறுபாடு கேட்கிறதில்லை. அது எங்கட தகரமும் டகரமும்தானே! "பத்து"வையும் "பட்டு"வையும் பிரிக்கிற காது பேச்சு வர முதலே பழகுது. பிறகு பழக ஏலாது என்றில்லை. கஷ்டம் கூட, அவ்வளவுதான். பிள்ளை பதில் சொல்லாத அந்த மாதங்களில் நாங்கள் கதைச்சது வீண் போகவில்லை என்று நான் அதை எடுத்துக்கொண்டேன்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேணும். "மூன்று மொழி கேட்கிற பிள்ளை, பிந்தித்தான் கதைக்கும்" என்று சொல்லிச் சும்மா இருக்கிறதும் பிழை. எல்லா மொழியையும் கூட்டியும் பதினெட்டு மாதத்தில் சொல்லே இல்லையென்றால், விரலால் காட்டுறதில்லையென்றால், பெயர் சொல்லிக் கூப்பிடத் திரும்பவில்லையென்றால், வந்த சொற்கள் மறைஞ்சு போனால், வைத்தியரிடம் காட்டுங்கோ. காதையும் சோதிக்கக் கேளுங்கோ. இரண்டு வயதில் 50 சொல்லும், இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லுறதும் பொதுவாகப் பார்க்கிற அளவு. அதிலும் எல்லா மொழியும் அடங்கும். பேச்சுச் சிகிச்சை தேவைப்பட்டாலும், அதற்காக வீட்டு மொழியை நிறுத்தத் தேவையில்லை.

எங்கட வீட்டில் இப்ப குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கு. புதுச் சொல் வந்தால், எந்த மொழியென்றாலும், கேட்டவர் எழுத வேணும். அரைகுறையாகச் சொன்னாலும் கணக்கு, ஒரே பொருளுக்கு ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னால் போதும். "லே"யும் "பா"வும் ஒரே பால்தான் என்றாலும் இரண்டு சொல். சி.எல்.எஸ்.சி.க்குப் போகும்போது அந்தத் தாளைப் படம் எடுத்துக்கொண்டு போங்கோ. அம்மம்மா, அப்பம்மா யாரும் கிட்ட இருந்தால் அவையையும் கூட்டிக்கொண்டு போங்கோ. நாங்கள் கவனிக்காத சொல் அவைக்குக் கேட்கும்.

போன ஞாயிறு தம்பி வந்தவன். குஞ்சு அவன்ர விரலைப் பிடிச்சு, "இஞ்ச, இஞ்ச" என்று யன்னலுக்கு இழுத்துக்கொண்டு போனா. வெளியில் பனியில் ஒரு காகம். அவ "காகா" என்றா. அவனும் "காகம்" என்றான். பிறகு அவவின்ர கையைத் தன்ர நெஞ்சில் வைச்சு, "மாமா" என்று நாலைஞ்சு தரம் சொல்லிக் கொடுத்தான். போகிற நேரம் கதவடியில் அவ அதைச் சொன்னா. போட்ட சப்பாத்தோடேயே திரும்பி வந்து தாளில் எழுதினான். தமிழ் எழுதத் தெரியாது, பிரெஞ்சு எழுத்தில்தான்.

பதினெட்டாவது சொல். உங்கட வீட்டில் எத்தனை? இன்றைக்கே எண்ணிப் பாருங்கோ, தமிழையும் சேர்த்து.