மூணு சீட்டில் ஜெயிப்பவர் யார்?

எண்ணூர் ரெயில் நிலையம் பக்கத்து டீக்கடையில் போன வாரம் ஓர் ஆசாமி சவால் விட்டார். "மூளை இருக்கிறவன் மூணு சீட்டுல பொழைச்சுக்குவான் சார். மக்குப் பயதான் தோப்பான்" என்றார். பட்டறைத் தொழிலாளி. சம்பளம் வாங்கி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அவர் குடித்த டீக்குக் காசு கொடுத்தது நான்!

மூணு சீட்டு இந்தப் பக்கத்துக்குப் புதிது அல்ல. துறைமுகத்துக்குள் போக முடியாமல் கண்டெய்னர் லாரிகள் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் வரிசை கட்டி நிற்கும். டிரைவரும் கிளீனரும் மணிக்கணக்கில் என்ன செய்வார்கள்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. வலைக்கு ஓய்வு. கை சும்மா இருக்குமா? சீட்டுக்கட்டு வெளியே வருகிறது. துட்டு இல்லாமல் ஆடினால் யாருக்கும் நஷ்டம் இல்லை. பந்தயம் இறங்கியதும்தான் வினை.

இங்கிலாந்தில் 'பிராக்' என்று ஒரு பழைய ஆட்டம் உண்டு. அதன் சாயல்தான் நம்ம ஊர் மூணு சீட்டு. வெள்ளைக்காரன் ஆடும் போக்கருக்குப் பங்காளி முறை. வடக்கே 'தீன் பத்தி' என்பார்கள். இங்கே பிளஷ் என்றாலும் புரியும். இத்தனை பேர் ஆடுகிறார்களே, சீட்டுக் கணக்கு எத்தனை பேருக்குத் தெரியும்?

கணக்கைப் பாருங்கள்

52 சீட்டில் மூன்று மூன்றாக எடுத்தால் 22 ஆயிரத்து 100 விதமாக வரும். அதில் 16 ஆயிரத்து 440 விதம் வெத்துச் சீட்டு. ஜோடி கிடையாது, கலர் கிடையாது, வரிசை கிடையாது. அதாவது 100 ஆட்டத்தில் 74 ஆட்டம் கையில் ஒன்றுமே இருக்காது! ஜோடி வருவது 3 ஆயிரத்து 744 விதம். இரண்டையும் கூட்டினால் 100-க்கு 91 வந்துவிட்டது. ஜோடிக்கு மேல் நல்ல சீட்டு வருவது மிச்சம் 9 தடவைதான். பாதி ராத்திரியில் நடக்கும் பெரிய சண்டையெல்லாம் இரண்டு வெத்துக் கைகளுக்கு நடுவே நடக்கிற சண்டை.

இன்னொரு வேடிக்கை. மூன்றும் ஒரே நம்பர் வந்தால் அதுதான் உச்சம். மூணு ஏஸ், மூணு ராஜா மாதிரி. இது 52 விதமாக வரும். ஒரே ஜாதியில் வரிசையாக வருவது, ஆட்டின் 7, 8, 9 என்று வைத்துக்கொள்ளுங்கள், 48 விதம்தான். ஆக இதுதான் அபூர்வம். ஆனால் ஆட்ட விதிப்படி தோற்பதும் இதுதான்! அபூர்வமான சீட்டுக்குத்தான் மதிப்பு என்று சத்தியம் செய்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

ஐந்து சீட்டுப் போக்கரில் கலர், வரிசையை அடிக்கும். ஏனென்றால் அங்கே மொத்தம் 25 லட்சத்து 98 ஆயிரத்து 960 விதத்தில் கலர் 5 ஆயிரத்து 108, வரிசை 10 ஆயிரத்து 200. மூணு சீட்டில் தலைகீழ். கலர் ஆயிரத்து 96, வரிசை 720. இங்கே வரிசைதான் பெரிசு. கையில் 2 சீட்டும் நடுவில் பொதுவாக 5 சீட்டும் வைத்து ஆடும் டெக்சாஸ் போக்கரைச் செல்போனில் கற்றுக்கொண்ட பையன், லாரி மறைவில் உட்கார்ந்து கலரை நம்பிச் சம்பளத்தைப் போட்டால் கதி என்ன?

பிளைண்டு ஆட்டம் தனிக் கதை. சீட்டைப் பார்க்காமல் ஆடுபவர் 10 ரூபாய் போட்டால், பார்த்தவர் குறைந்தது 20 போட வேண்டும். கண்ணைத் திறந்ததற்கு அபராதம்! அதனால்தான் பழைய கைகள் சீட்டைத் தொடாமலே உட்கார்ந்து எதிராளியை மிரட்டுவார்கள். டீக்கடை ஆசாமி சொன்ன 'மூளை' இதுதான். கொஞ்சம் சாமர்த்தியம் இருக்கிறது என்பதை நானும் மறுக்கவில்லை.

கோர்ட்டு மறுத்துவிட்டது. 1967 நவம்பரில் செகந்திராபாத் கிளப் ஒன்றின் ரம்மி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. எந்தச் சீட்டு விழுந்தது என்று நினைவு வைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று யோசிக்க வேண்டும், ஆகவே ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்றது. மூணு சீட்டு? முழுக்க அதிர்ஷ்டம் என்று அதே தீர்ப்பில் சொல்லிவிட்டது. ரம்மி ஆடுபவர்கள் இந்தத் தீர்ப்பை மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் அதிலேயே இன்னொரு விஷயமும் இருக்கிறது. ரம்மியே ஆனாலும் பந்தய ஆட்டத்தில் இடத்துக்காரர் லாபம் எடுத்தால் குற்றமாகலாம் என்று கோர்ட்டு சொன்னது. அதை யாரும் சொல்வது இல்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

கமிஷன் மாயம்

ஐந்து பேர் ஆளுக்கு 500 ரூபாயுடன் உட்காருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2 ஆயிரத்து 500. ஒரு ஆட்டத்தில் நடுவில் சேருவது 100 ரூபாய். இடம் கொடுத்தவர் அதில் 5 ரூபாய் எடுத்துக்கொள்கிறார். சீட்டுக்கு, லைட்டுக்கு, காவலுக்கு! ஆட்டத்துக்கு 3 நிமிடம் என்றால், ராத்திரி 10 மணிக்குத் தொடங்கி 3 மணிக்குள் 100 ஆட்டம் ஓடிவிடும். 500 ரூபாய் கமிஷன்காரர் பையில். ஒரு ஆள் கொண்டுவந்த முழுப் பணம்! இதே மாதிரி ஐந்து ராத்திரி ஆடினால் 2 ஆயிரத்து 500-ம் காலி. யாருக்கு மூளை இருந்தது, யார் மக்கு என்ற கேள்விக்கே இடம் இல்லை.

இந்தக் கணக்கை டீக்கடைப் பில்லின் பின்பக்கம் போட்டுக் காட்டினேன். ஆசாமி நெடுநேரம் பார்த்தார். "அப்ப கமிஷன் இல்லாத எடத்துல ஆடினா?" என்றார்.

"அப்போது 2 ஆயிரத்து 500 அப்படியே இருக்கும். நீ ஜெயிச்சா, பக்கத்து மெஷின்ல நிக்கிறவன் வீட்டு அரிசிக் காசு உன் பையில. தோத்தா உன் வீட்டு அரிசிக் காசு அவன் பையில" என்றேன்.

"அவனும் நம்ம ஃபிரண்டுதாம்பா" என்றார். கும்மிடிப்பூண்டி வண்டி வந்துவிட்டது. ஓடிவிட்டார்.

செல்போன் ஆட்டத்திலும் இதே கமிஷன்தான். ஆள்தான் கண்ணுக்குத் தெரிவது இல்லை. ஆன்லைன் ரம்மியையும் போக்கரையும் தமிழக அரசு 2020 நவம்பரில் தடை செய்தது. 2021 ஆகஸ்டில் ஐகோர்ட்டு அதை ரத்து செய்தது. 2022-ல் வேறு சட்டம் நிறைவேறியது. கவர்னர் திருப்பி அனுப்ப, சட்டசபை மறுபடி நிறைவேற்றி 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் ரம்மிக்கும் போக்கருக்கும் அது பொருந்தாது, அவை திறமை ஆட்டம் என்று ஐகோர்ட்டு சொன்னது. கடைசியில் 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் போட்ட சட்டம் திறமையா, அதிர்ஷ்டமா என்ற சர்ச்சையையே தூக்கிப் போட்டுவிட்டது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவும் கூடாது என்றது. பெரிய கம்பெனிகள் பண ஆட்டத்தை நிறுத்தின.

லாரி மறைவு ஆட்டத்துக்கு இண்டர்நெட் தேவை இல்லையே! அங்கே பழைய சட்டம் போதும். 1888-ம் ஆண்டு நகர போலீஸ் சட்டமாகட்டும், 1930-ம் ஆண்டு சூதாட்டச் சட்டமாகட்டும், இடம் நடத்துபவருக்கு ஒரு பிரிவு, ஆடிப் பிடிபடுபவருக்கு வேறு பிரிவு என்று தெளிவாகவே வைத்திருக்கின்றன. நடப்பது என்ன? போலீசார் வளைப்பார்கள். 'பணம் வைத்துச் சீட்டு ஆடிய 6 பேர் கைது' என்று செய்தி வரும். சீட்டுக்கட்டும் கசங்கிய நோட்டுகளும் போட்டோவில் இருக்கும். ஆறு பேரும் கூலிக்காரர்கள். அபராதம் கட்ட அவர்கள் சம்சாரம் நகையை அடகு வைக்கும். ஏழாவது ஆள், அந்த 5 ரூபாய் எடுத்தவர், அடுத்த வாரம் வேறு கொட்டகையில் விளக்குப் போடுவார்.

இப்படிச் செய்தி போடுவதில் நம்ம மாதிரி மாலைப் பேப்பருக்கும் பங்கு உண்டு. எத்தனை பேர் கைது, எவ்வளவு பறிமுதல் என்று எழுதுகிறோம். இடம் யாருடையது, ஆட்டத்துக்கு எவ்வளவு எடுத்தார், அவர் மீது எந்தப் பிரிவில் வழக்கு என்று நிருபர் ஸ்டேஷனில் கேட்கட்டும். எண்ணூரில் அடுத்த சீட்டாட்டக் கைதுச் செய்தி வரும்போது அந்த மூன்று பதிலும் அதில் இருக்க வேண்டும்.