உங்கள் காதில் இருப்பது எந்த மாடல்?

ஒரு பொருளின் பெயர் அந்தப் பொருளின் மேலேயே, சாதாரணக் கண்ணுக்குத் தெரியும்படி எழுதப்பட்டிருக்க வேண்டும். என் கட்சி இதுதான். பெரிய கோரிக்கை ஒன்றும் இல்லை. ஆனால் காதில் செருகிக்கொள்ளும் கம்பியில்லா இயர்பட்ஸ் விஷயத்தில் இந்தச் சின்ன நியாயம்கூட நமக்குக் கிடைப்பதில்லை.

நம் வயதுக்காரர்களில் எத்தனை பேர் இதைக் கடையில் போய்ப் பார்த்து வாங்கியிருப்போம்? பெரும்பாலும் பிள்ளையோ மருமகளோ ஊருக்கு வரும்போது கையில் கொடுத்தது. அல்லது பேரன் புதுசு வாங்கிக்கொண்டு, பழசை "தாத்தா, நீங்க வெச்சுக்கோங்க" என்று தள்ளிவிட்டது. அட்டைப்பெட்டி அமெரிக்காவிலோ பெங்களூரிலோ குப்பைக்குப் போயிருக்கும். பில் யாருடைய ஈமெயிலிலோ இருக்கும். நம்மிடம் இருப்பது சோப்பு டப்பி மாதிரி ஒரு வெள்ளை டப்பியும் உள்ளே இரண்டு வெள்ளைக் குமிழும்தான்.

என்னோடு காலையில் நடக்க வருகிற நண்பர் ஒருவருக்குப் போன மாதம் இடது காதுக் குமிழ் சாக்கடையில் விழுந்துவிட்டது. ஒன்று மட்டும் வாங்கலாம் என்று ஒரு கடைக்குப் போனார். "எந்த மாடல் சார்?" என்று கேட்டான் பையன். "வெள்ளை" என்றார் இவர். "எல்லாமே வெள்ளைதான் சார்" என்றான் அவன். அதற்கு மேல் பேச்சு நகரவில்லை. மாடல் தெரியாமல் ஒற்றைக் குமிழ் வாங்க முடியாது. இருக்கிற வலதும் வாங்குகிற இடதும் ஒரே மாடலாக இருந்தால்தான் ஒன்றோடொன்று சேரும்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு பஸ் பணிமனையின் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தவன். அங்கே முதல் பாடமே "பேரைச் சொல்லாதே, நம்பரைச் சொல்லு" என்பதுதான். "கிளட்ச் பிளேட் வேணும்" என்று வருகிற மெக்கானிக்கை, "பார்ட் நம்பர் எங்கே?" என்று திருப்பி அனுப்புவோம். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு பேரிங்குகளில் ஒன்று பொருந்தும், இன்னொன்று பொருந்தாது. வித்தியாசம் பின் கார்டில் எழுதிய நம்பரில் இருக்கும். அந்த நம்பரும் பொருளின் மேலேயே அச்சடித்தோ வெட்டியோ இருக்கும். கிரீஸைத் துடைத்தால் படித்துவிடலாம்.

நாம் புழங்கிய பழைய சாமான்கள் எல்லாம் அப்படித்தான் இருந்தன. எச்.எம்.டி. ஜனதா வாட்ச்சின் முகத்திலேயே பெயர் இருந்தது. பஜாஜ் சேத்தக் தன் பெயரை உடம்பிலேயே எழுதிக்கொண்டு ஓடியது. அம்பாசடர் காரின் முன்பக்கக் கிரில்லைப் பார்த்தே மார்க் 2வா, மார்க் 3ஆ என்று சொல்லிவிடுவோம். பாட்டி காலத்து சிங்கர் தையல் மெஷினில் பொறித்திருக்கும் எண்ணைக் கொண்டு, அது எந்த வருஷம், எந்தத் தொழிற்சாலையில் செய்தது என்று இன்றைக்கும் கண்டுபிடிக்கலாம். இரும்பில் செய்ததற்கு இருந்த அடையாளம், காதில் வைக்கிற விலையுயர்ந்த சாமானுக்கு ஏன் இல்லை?

இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். இருக்கிறது, ஆனால் நமக்காக எழுதியதில்லை. ஆப்பிள் கம்பெனியின் ஏர்பாட்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குமிழின் அடிப்பக்கத்திலும் 'ஏ' என்ற ஆங்கில எழுத்தும் நான்கு இலக்கங்களும் உண்டு. கடுகில் பாதி அளவு எழுத்து. டப்பியின் மூடிக்கு உட்புறம் வரிசை எண் இருக்கும், வெள்ளையின் மேல் வெளிர் சாம்பல் நிறத்தில். காடராக்ட் ஆபரேஷன் ஆன கண்ணுக்கு அது எழுத்தா அழுக்கா என்றே தெரியாது.

அந்த எண்ணைப் பார்க்காமல் உருவத்தை மட்டும் வைத்துச் சொல்லலாமா? அங்கேதான் சிக்கல். 2016 கடைசியில் வந்த முதல் ஏர்பாட்ஸும் 2019இல் வந்த இரண்டாவதும் பார்வைக்கு ஒன்றேதான். குமிழைப் படித்தால் முதலாவது ஏ1523, ஏ1722. இரண்டாவது ஏ2031, ஏ2032. 2021இல் வந்த மூன்றாவதில் தண்டு குட்டையாகிவிட்டது. காதுக்குள் ரப்பர் மாதிரி சிலிக்கான் முனையோடு வருவது 'ப்ரோ' வகை. அதில் முதலாவது 2019இல் வந்தது, எண்கள் ஏ2083, ஏ2084. இரண்டாவது 2022இல் வந்தது, எண்கள் ஏ2698, ஏ2699. இந்த இரண்டு ப்ரோவையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பேரனே கொஞ்சம் யோசிப்பான். டப்பியைப் பார்த்தால் பிடிபடும். இரண்டாவது ப்ரோவின் டப்பியில் பக்கவாட்டில் கயிறு மாட்ட ஒரு வளையமும், அடியில் சத்தம் வர சிறு துளைகளும் உண்டு. முதலாவதில் இரண்டும் கிடையாது. அந்த இரண்டாவது ப்ரோவே 2023இல் டைப்-சி சார்ஜர் துளையோடு மறுபடி வந்தது. அதற்கு எண் வேறு.

"இதெல்லாம் தெரிந்து என்ன ஆகப்போகிறது, பாட்டு கேட்டால் போதாதா?" என்று கேட்பீர்கள். ஆகிறது.

முதலில் சில்லறை விஷயம். ப்ரோவின் சிலிக்கான் முனை தொலைந்தால், முதலாவதுக்கு உள்ளதை இரண்டாவதுக்குப் போடக் கூடாது என்று கம்பெனியே சொல்கிறது. உள்ளே இருக்கும் வலையின் நெருக்கம் வேறு. அடுத்தது உரிமை. 2020 அக்டோபருக்கு முன்னால் செய்த முதல் ப்ரோக்களில் சிலவற்றில் கரகரப்புச் சத்தம் வருவதாக ஒப்புக்கொண்டு, ஆப்பிள் இலவசமாக மாற்றிக் கொடுத்தது. வாங்கியதிலிருந்து மூன்று வருஷம் வரை அந்தச் சலுகை இருந்தது. தன்னிடம் இருப்பது எது, எப்போது செய்தது என்று தெரிந்தவருக்குத்தான் அது பயன்பட்டிருக்கும்.

மூன்றாவதுதான் நமக்கு முக்கியமானது. காது.

2024 செப்டம்பரில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் ஒரு அனுமதி கொடுத்தது. இரண்டாவது ப்ரோவைக் காது கேட்கும் கருவியாகவும் பயன்படுத்தும் மென்பொருளுக்கான அனுமதி அது. 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, லேசானது முதல் நடுத்தரம் வரை செவித்திறன் குறைந்தவர்களுக்கு. ஐபோனிலோ ஐபேடிலோ செவிப் பரிசோதனை செய்து, அதன் முடிவுக்குத் தக்கபடி குமிழ்கள் சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும். 2025இல் வந்த மூன்றாவது ப்ரோவிலும் இது உண்டு. முதலாவது ப்ரோவில் இல்லை. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டில், ஒன்று காது கேட்க உதவும், மற்றது பாட்டு மட்டும் பாடும்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு செய்தி. அந்த வசதி வந்த புதிதில் இந்தியாவில் அது திறந்துவிடப்படவில்லை. பெங்களூரு இளைஞர்கள் சிலர் தங்கள் பாட்டிமாருக்காக அதை எப்படியாவது இயக்க வேண்டும் என்று முனைந்தார்கள். அலுமினியத் தாள், செம்பு வலை, மைக்ரோவேவ் அடுப்பு என்று சேர்த்து, வெளி சிக்னல் உள்ளே வராத ஒரு கூண்டு கட்டினார்கள். அதற்குள் வைத்த கருவியைத் தான் கலிஃபோர்னியாவில் இருப்பதாக நம்பவைத்து வசதியைத் திறந்துவிட்டார்கள். 2024 நவம்பரில் பத்திரிகைகளில் வந்தது. நாமும் கூண்டு கட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. இந்த வசதி நாட்டுக்கு நாடு மாறுவது, நம் ஊரில் இன்றைக்கு என்ன நிலை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நான் சொல்ல வருவது, அந்தப் பேரன்களுக்குப் பாட்டியின் கையில் இருப்பது எந்த மாடல் என்று தெரிந்திருந்தது. தெரியாமல் இருந்தால் இத்தனை பாடும் வீண்.

நம்மில் பலர் காது மந்தமானதை வெளியே சொல்வதில்லை. டிவி சத்தத்தைக் கூட்டிக்கொள்கிறோம். கல்யாண வீட்டில் கேட்காததற்கும் தலையாட்டி வைக்கிறோம். மேஜை இழுப்பறையில் உதவி இருக்கிறது என்று தெரியாமலே இருப்பது கொடுமை. இழுப்பறையில் இருப்பதில் அந்த வசதியே இல்லை என்று தெரியாமல், "போட்டுப் பார்த்தேன், ஒன்றும் கேட்கலை" என்று காது டாக்டரிடம் போகாமலே விட்டுவிடுவது அதைவிடக் கொடுமை.

இதற்குக் கம்பெனிக்காரர்கள் பக்கத்திலிருந்து இரண்டு பதில் வரும் என்று எனக்குத் தெரியும்.

ஒன்று, "போனில் பார்த்தால் தெரியுமே." சரி. ஐபோனில் செட்டிங்ஸ், அதில் புளூடூத், உங்கள் ஏர்பாட்ஸின் பக்கத்தில் வட்டத்துக்குள் இருக்கும் 'ஐ' எழுத்து. அதைத் தொட்டால் 'அபவுட்' என்ற தலைப்பின் கீழ் மாடல் எண் வரும். ஆனால் அந்தப் போன் ஐபோனாக இருக்க வேண்டும். ஆண்ட்ராய்ட் போன் வைத்திருப்பவருக்குப் பட்டியலில் ஒரு பெயர் மட்டும் வரும். அதுவும் பல நேரம் மாடலின் பெயராக இருக்காது, முன்பு அதை வைத்திருந்த பேரனின் பெயராக இருக்கும். ஒரு பொருளின் பெயரைத் தெரிந்துகொள்ள அதே கம்பெனியின் இன்னொரு பொருளை வாங்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

இரண்டு, "எழுத இடம் இல்லை." இதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆப்பிள் கம்பெனி 2020இல் இந்தியாவில் ஆன்லைன் கடை திறந்தபோது, ஏர்பாட்ஸ் டப்பியின் மேல் நாம் கேட்கும் எழுத்தைப் பொறித்துத் தருவதாக அறிவித்தது. ஆங்கிலம், ஹிந்தி மட்டுமல்ல, தமிழிலும். அதாவது டப்பியில் என் பெயரைத் தமிழில் எழுத இடம் இருக்கிறது. அதன் பெயரை எழுத மட்டும் இடம் இல்லை!

ஆப்பிளை மட்டும் சொல்வதும் நியாயமில்லை. சாம்சங்கின் கேலக்ஸி பட்ஸில் எஸ்எம்-ஆர்190 என்பது 2021 ஜனவரியில் வந்த பட்ஸ் ப்ரோ. எஸ்எம்-ஆர்177 என்பது அதே வருஷம் ஆகஸ்டில் வந்த பட்ஸ் 2. பின்னால் வந்ததற்குச் சின்ன எண். எங்கள் ஸ்டோர்ஸில் இப்படி நம்பர் போட்டிருந்தால் மெமோ வந்திருக்கும். சோனியில் டபிள்யூஎஃப்-1000எக்ஸ்எம்4 என்பது காதுக்குள் செருகுவது, டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்4 என்பது தலையில் மாட்டுவது. ஓர் எழுத்து மாறினால் வேறு சாமான். இந்த விஷயத்தில் விலை குறைந்த உள்ளூர்ச் சரக்கு பரவாயில்லை. போட் கம்பெனியின் ஏர்டோப்ஸ் 141ஐப் போனில் தேடினால், அதே பெயரோடு வந்து நிற்கும்.

கம்பெனிகள் திருந்தும்வரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இந்த வாரமே செய்துவிடுங்கள். நல்ல வெளிச்சத்தில் குமிழின் அடிப்பக்கத்தை உங்கள் செல்போன் கேமராவால் படம் எடுங்கள். இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கினால் எண் தெரியும். பூதக்கண்ணாடியைவிட இது சுலபம். மூடிக்குள் இருக்கும் வரிசை எண்ணையும் அப்படியே எடுங்கள். சாம்சங் என்றால் கேலக்ஸி வேரபிள் என்ற செயலியில் 'அபவுட் இயர்பட்ஸ்' என்ற இடத்தைப் பாருங்கள். கிடைத்த மாடல் பெயர், எண், வாங்கிய வருஷம் மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் கொட்டை எழுத்தில் எழுதி, டப்பியின் அடியில் ஒட்டி, மேலே செலோடேப் போடுங்கள். சார்ஜர் துளையை மட்டும் மறைத்துவிடாதீர்கள். அழகு கெட்டுவிடும் என்று வீட்டில் சொல்வார்கள். சொல்லட்டும். மிக்ஸி ஜாடியிலும் மருந்து டப்பாவிலும் சீட்டு ஒட்டித்தானே குடும்பம் நடத்துகிறோம்?

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அப்பா அம்மாவுக்கு இதைக் கொடுக்கும்போது பெட்டியை எறியாதீர்கள். பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பழசைக் கொடுப்பதானால், அதிலிருக்கும் உங்கள் பெயரை நீக்கிவிட்டு, "இது இந்த மாடல், இந்த வருஷம், இதில் இன்ன வசதி உண்டு" என்று ஒரு வரி சொல்லிக் கொடுங்கள். பொருளோடு இந்த விவரத்தையும் சேர்த்துக் கொடுத்தால்தான் அது கொடுத்ததாகும்.

கம்பெனிகளிடம் நான் கேட்பது டப்பியின் அடியில் ஒரே ஒரு வரிதான். மாடல் பெயர், எண், செய்த வருஷம். பத்திரிகை எழுத்தின் அளவில், கறுப்பு மையில். அதற்கு ஆகிற செலவு அவர்களுக்கு ஒன்றுமில்லை. அதைப் படிக்க எனக்குப் பேரன் தேவைப்படக் கூடாது.