பழைய மிதிவண்டிகளை எடைக்குப் போடும் முன்

எங்கள் வளாகத்தில் சென்ற வாரம் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. விடுதிகளின் பின்புறம் நிற்கும் ‘பயன்பாட்டுக்கு உதவாத’ மிதிவண்டிகள் மாத இறுதிக்குள் எடைக்கு விற்கப்படும். அவ்விடத்தில் செயலிவழி வாடகை மிதிவண்டிகள் நிறுத்தப்படும். வாயிலருகே உள்ள பழுதுபார்க்கும் கொட்டகையும் அகற்றப்படும். ‘பசுமை வளாகம்’ என்பது தலைப்பு. ஆய்வாளர் நண்பர்கள் பலர் இதை வரவேற்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

‘உதவாத’ என்ற சொல்லிலிருந்து தொடங்குகிறேன். அந்த வண்டிகளை ஒரு மாலை முழுவதும் நின்று பார்த்தேன். சட்டகம் முறிந்த வண்டி என் கண்ணில் படவில்லை. கேடு பெரும்பாலும் சக்கரத்தில்தான்: துருவேறிய ரிம், அறுந்த கம்பிகள், ஆடும் அச்சு. ‘சக்கரம் போயிற்று, ஆகவே வண்டி போயிற்று’ என்று முடிவுகட்டியவர் சக்கரத்தை ஒற்றைப் பொருளாக எண்ணுகிறார். பிழை அங்கேதான் தொடங்குகிறது.

சக்கரம் என்பது பிரித்துக் கோக்கக்கூடிய ஒரு தொகுப்பு. நடுவில் ஹப், அதற்குள் அச்சு, கோன், குண்டுகள், சுற்றிலும் நம் ஊர்க் கடைகளில் போக்ஸ் கம்பி எனப்படும் ஆரங்கள், வெளியே ரிம். இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு வேகத்தில் தேய்கின்றன; ஒவ்வொன்றையும் தனித்தனியே மாற்றலாம். சக்கரம் ஆடினால் பெரும்பாலும் கோனில் குழி விழுந்திருக்கும், அல்லது குண்டு தேய்ந்திருக்கும். புதிய கோனும் குண்டுகளும் கிரீஸும் போதும். சக்கரம் கோணினால் கம்பிகளின் இழுவிசை சமன் குலைந்திருக்கிறது என்று பொருள். நிப்பிளைத் திருகிக் கோட்டம் எடுத்தால் நேராகிவிடும். கம்பிகள் அடுத்தடுத்து அறுந்தால்தான் முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டும். ஹப்பின் அருகே வளையும் இடத்தில் அவை களைத்துப்போயிருக்கும்.

‘தேய்ந்த சக்கரம் ஆபத்தானது அல்லவா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பக்கவாட்டில் கவ்வும் பிரேக் உள்ள வண்டியில் கட்டைகள் ரிம்மின் சுவரையே அரிக்கின்றன. அலுமினிய ரிம்மின் சுவர் குழிந்து மெலிந்துவிட்டால் காற்றழுத்தம் தாங்காமல் வெடிக்கக்கூடும். கம்பித் துளையைச் சுற்றி விரிசல் கண்ட ரிம்மையும் நம்பக்கூடாது. அத்தகைய ரிம்மைத் தூக்கி எறிய வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எறிய வேண்டியது ரிம்மை. ஹப்பையோ சட்டகத்தையோ அல்ல. கோல் பிரேக் பூட்டிய பழைய கறுப்பு வண்டிகளில் கட்டை ரிம்மின் உட்புறத்தில், அச்சை நோக்கிய பக்கத்தில் அழுந்துகிறது. அங்கே குரோம் பூச்சு உரிந்திருப்பதை மட்டும் பார்த்து வண்டிக்கு மரணச் சான்றிதழ் எழுதுவது அறியாமை.

என் வண்டி ஒரு மூத்த ஆய்வாளர் விட்டுச் சென்றது. சென்ற ஆண்டு பின் ரிம் உட்புறம் துருவேறி அரித்துப்போனது. கொட்டகைக்காரர் அதே விட்டமும் அதே 40 துளைகளும் கொண்ட ரிம்மை வாங்கிவரச் சொன்னார். பழைய கம்பிகளையே பூட்டச் சொன்னேன், மறுத்துவிட்டார். 40 கம்பிகளும் புதியவை, ஹப் பழையது. கூலி உட்பட 1,200 ரூபாய், ஒரு பிற்பகல். உதவித்தொகை நான்கு மாதமாக வராதிருந்த காலம் அது. புதிய வண்டியைப் பற்றி நான் நினைத்தும் பார்த்திருக்க முடியாது.

‘பழைய வண்டிக்கு உதிரி கிடைக்காது’ என்பது இரண்டாவது வாதம். 28 × 1½ அளவுக்கு ரிம்மும் டயரும் லூதியானாவில் இன்றும் தயாராகின்றன. கிடைக்காமல் போவது உதிரிப் பாகம் அல்ல, எந்த உதிரி எதற்குப் பொருந்தும் என்ற அறிவு. ‘28 அங்குலம்’ என்ற ஒரே பெயரில் 635 மில்லிமீட்டர் ரிம்மும் உண்டு, 622 மில்லிமீட்டர் ரிம்மும் உண்டு. ‘26’ என்றால் பழைய 26 × 1⅜ வண்டிக்கு 590, மலைவண்டிக்கு 559. பெயரை நம்பி இணையத்தில் வாங்குபவர் ஏமாறுகிறார். முன்சக்கரத்தில் 32, பின்சக்கரத்தில் 40 என்ற பழைய கம்பிக் கணக்கும் அப்படித்தான். 40 துளை ஹப்பில் 36 துளை ரிம்மைக் கோக்க முடியாது. கொட்டகைக்காரர் இவற்றை எந்த அட்டவணையையும் பாராமல் சொல்கிறார். அந்தக் கொட்டகையைத்தான் ‘அழகுபடுத்தல்’ என்ற பெயரில் அகற்றப் போகிறோம்.

மூன்றாவது வாதம்தான் என்னை அதிகம் வருத்துகிறது: ‘வாடகை வண்டி வந்துவிட்டால் பழுதைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை.’ உண்மைதான். திறன்பேசியும் இணையப் பணக்கணக்கும் மாதக் கட்டணமும் உள்ளவருக்குக் கவலையில்லை. மூத்தவரிடமிருந்து இளையவருக்குக் காசில்லாமல் கைமாறிவந்த வண்டியை நம்பி நூலகத்திற்கும் ஆய்வகத்திற்கும் இடையே ஓடும் முதல் தலைமுறை மாணவருக்கு? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டுக் குடும்பங்களில் 44.8 விழுக்காட்டில் மிதிவண்டி இருந்தது. அது அவர்களுடைய சொந்த உடைமை. உடைமையை வாடகையாக மாற்றுவதைப் பசுமை என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

நம் துறையினரிடம் ஒரு சொல். டேவிட் எட்ஜர்டனைப் படித்துவிட்டு, தொழில்நுட்ப வரலாறு கண்டுபிடிப்புகளை மட்டும் கொண்டாடிப் பராமரிப்பை மறந்தது என்று கருத்தரங்கில் பேசுகிறோம். டேவிட் அர்னால்டைப் படித்துவிட்டு, மிதிவண்டி போன்ற அன்றாட இயந்திரங்கள் இந்திய நவீனத்துவத்தை உருவாக்கியதாகக் கட்டுரை எழுதுகிறோம். பிறகு வாயிலில் அதே பராமரிப்பைச் செய்யும் மனிதரின் கூரையைப் பிரிப்பதற்கு விருப்பக்குறி இடுகிறோம். அரசும் இதில் நம்மைப் போலத்தான். ஒன்றிய நுகர்வோர் நலத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தபோது நான்கு துறைகளைக் குறித்தது: வேளாண் கருவிகள், கைபேசிகளும் டேப்லெட்டுகளும், வீட்டுச் சாதனங்கள், மோட்டார் வாகனங்கள். மிதிவண்டி அதில் தனியே இடம்பெறவில்லை. எவரும் பழுதுபார்க்கக்கூடியதாக அது எப்போதும் இருந்ததால், அந்த உரிமை பறிபோகும் என்று எவரும் எண்ணவில்லை போலும்.

நிர்வாகத்திடம் நான் கேட்பவை மூன்று. எடைக்குப் போடும் முன் ஒவ்வொரு வண்டியையும் கொட்டகைக்காரரைக் கொண்டு கூலி கொடுத்துப் பரிசோதியுங்கள். தேறாதவற்றின் நல்ல ஹப்புகளையும் கம்பிகளையும் கழற்றி, தேறுபவற்றுக்குப் பூட்டுங்கள். அந்த வண்டிகளைப் புதிதாக வரும் மாணவர்களுக்குக் கொடுங்கள். கொட்டகைக்கு வளாகத்திற்குள்ளேயே ஒரு நிலையான இடமும் மின்னிணைப்பும் தாருங்கள்.

இக்கோரிக்கை மனுவை விடுதி அலுவலகத்தின் முன் வைத்திருக்கிறேன். ‘பசுமை வளாகம்’ அறிவிப்புக்கு விருப்பக்குறி இட்ட நண்பர்களும் வந்து கையெழுத்திட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வரும் வழியில் அந்த வரிசையில் நிற்கும் ஏதேனும் ஒரு வண்டியின் சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பாருங்கள். பலவும் இன்னும் சுழல்கின்றன.