சிறைச்சாலையும் தீட்டும்

குடியிருக்கும் வீட்டுக்கும் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பக்கத்தில் சிறைச்சாலை கட்டக் கூடாது என்று ஜனங்கள் ஆட்சேபிப்பது எந்த ஊரிலும் நடக்கிற காரியமே யாகும். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி போன்று நாளுக்கு நாள் வீடுகள் நெருங்கிவரும் இடங்களில் இப்பேச்சு எழுமானால், அதில் நியாயம் எவ்வளவு, வெறும் பயம் எவ்வளவு, பழைய பழக்கம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டியது அறிவுடையோர் கடமையாகும்.

சென்னை மத்திய சிறை 1837-ல் ஏற்பட்டு, 2006-ல் புழலுக்கு மாற்றப்படும் வரை, சுமார் 170 வருஷ காலம் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் மருத்துவக் கல்லூரிக்கும் பக்கத்திலேயே இருந்தது. அதனால் யாரும் ரயில் ஏறாமலோ, வைத்தியம் படிக்காமலோ இருந்துவிடவில்லை.

பூவிருந்தவல்லிக்கும் சிறை புதிதல்ல. ராஜீவ் காந்தி கொலை வழக்கு அங்குள்ள கிளைச் சிறை வளாகத்தில்தான் விசாரிக்கப்பட்டது. 1998 ஜனவரி 28-ந் தேதி 26 பேருக்கும் தூக்கு என்று தீர்ப்பாயிற்று. மறு வருஷமே சுப்ரீம் கோர்ட்டு அவர்களில் 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து நீக்கி விடுதலை செய்தது. ஆகவே மதிலுக்கு உள்ளே இருப்பவனெல்லாம் குற்றவாளி, வெளியே இருப்பவனெல்லாம் யோக்கியன் என்று சொல்ல நமக்கு என்ன ஆதாரம்?

சர்க்கார் கணக்கையே பார்ப்போம். 2022-ம் வருஷ முடிவில் இந்திய நாட்டுச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூன்று பேர் மீது குற்றம் ருசுவாகவே யில்லை. உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட, மலைவாசி, பிற்பட்ட ஜாதியார். பணக்காரனுக்கு ஜாமீன், ஏழைக்குச் சிறை. இதுதானே நடைமுறை?

சிறைக்குள்ளும் ஜாதி விட்டபாடில்லை. கூட்டுவது கழுவுவது ஒரு ஜாதிக்கு, சமைப்பது மற்றொரு ஜாதிக்கு என்று வேலை பிரித்த விதிகள் செல்லாவென்று சுப்ரீம் கோர்ட்டு சொன்னது 2024 அக்டோபர் 3-ந் தேதியில்தான். சுயராஜ்யம் வந்து 77 வருஷத்துக்குப் பிறகு!

எனவே, “அவர்கள் நம் தெருப் பக்கமே வரக் கூடாது” என்பது சேரியை ஊருக்கு வெளியே வைத்த அதே புத்தியல்லாமல் வேறென்ன? சிறையைத் தூரத்தில் தள்ளினால் தண்டனை யாருக்கு? ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, கைக்குழந்தையோடு பஸ் மாறி மாறிப் போய்ப் புருஷனைப் பார்க்கவேண்டிய பெண்ணுக்கல்லவா?

ஆனால் ஜனங்கள் கேட்கக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. எடுக்கப்போகும் நிலம் ஏரிப் புறம்போக்கா, பள்ளிக்கூடத்து விளையாட்டிடமா? குடிநீர் எங்கிருந்து வரும்? சாக்கடை எங்கே போகும்? கைதிகளைப் பார்க்க வருகிறவர்களுக்கு நிழலும் கழிப்பிடமும் உண்டா? இவற்றுக்குச் சர்க்கார் பதில் சொல்லியே தீரவேண்டும். பதிலில்லாவிட்டால் எதிர்ப்பது நியாயமே யாகும்.

இவற்றோடு இன்னொன்றையும் கேளுங்கள். முதல் தடவை குற்றஞ்சாட்டப்பட்டவர், அக்குற்றத்துக்குரிய அதிக பட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே கழித்துவிட்டால் ஜாமீனில் விடவேண்டும் என்று, தூக்கு, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்கள் போன்றவை நீங்கலாக, 2024 ஜூலை முதல் சட்டமே சொல்கிறது. அதை ஒழுங்காக நடத்தினால் புதுச் சிறை எத்தனை வேண்டியிருக்கும்? இக்கேள்வியோடு கூடிய எதிர்ப்புக்கே நாம் ஆதரவளிப்போம். தீட்டுக்குப் பயந்த எதிர்ப்புக்கு அல்ல.