பின்னந்தலையும் ஓர் அமானிதமே





ஜும்ஆ தொழுகை முடிந்து கூட்டம் கலையும் நேரத்தில், தூணோரமாக ஒதுங்கி நின்று இளைஞர்கள் தாழ்ந்த குரலில் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்று அண்மை ஆண்டுகளில் பெருகிவிட்டது. "ஹஜ்ரத், தலையில் முடி நடுவது மார்க்கத்தில் கூடுமா?" நாமும் "கூடும்" என்று ஒரே சொல்லில் விடை கூறி அனுப்பிவிடுகிறோம். கேட்டவர் மகிழ்ந்து செல்கிறார். அந்த ஒற்றைச் சொல்லைச் சுமந்துகொண்டு அவர் எந்த வாசலில் போய் நிற்கிறார், அங்கே அவருடைய தலையில் கைவைப்பவர் யார் என்பதை நாம் விசாரித்ததில்லை. பாதி விடை கூறிய குற்றம் நம்முடையது. மறுபாதியை இங்கே எழுதுகிறோம்.

முதற்பாதியில் நமக்கு ஐயமில்லை. பிறர் முடியைத் தம் முடியோடு இணைத்துக்கொள்வதை நபி (ஸல்) அவர்கள் வன்மையாகக் கண்டித்த ஹதீஸ்கள் ஸஹீஹானவை. எனினும் முடி நடவு அந்தத் தடையில் அடங்காது என்பதே இக்கால அறிஞர் பலரின் முடிவு. இது பிறர் முடியை ஒட்டுவதன்று. தம் தலையின் ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதிக்கு உயிருள்ள வேரோடு மாற்றுவது. படைப்பைத் திரிப்பதன்று; இழந்ததை மீட்பது. போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியால் மூக்கு செய்து, அதில் துர்நாற்றம் ஏற்பட்டபோது, பொன்னால் செய்துகொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்ததை அறிஞர்கள் சான்றாகக் காட்டுகின்றனர். 2007ஆம் ஆண்டு மலேசியாவின் புத்ராஜயாவில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவையும், முடி உதிர்ந்தோர்க்கு நடவு செய்வதை அனுமதிக்கப்பட்ட சிகிச்சைகளுள் சேர்த்தது.

ஆனால் சிகிச்சை கூடும் என்பதால் அதன் பெயரால் நடப்பதெல்லாம் கூடிவிடுமா? இறைச்சி ஹலால் என்பதால் திருடிய ஆட்டின் இறைச்சியும் ஹலாலாகிவிடுமா?

முடி எடுக்கப்படும் இடத்தை 'டோனர் ஏரியா', அதாவது கொடைப் பகுதி என்கிறார்கள். இரத்த தானம்போல் எவரோ முடி தானம் செய்வதாக இப்பெயரைக் கேட்டு எண்ணுவோர் உண்டு. அப்படி எவரும் இல்லை. பிறருடைய மயிர்க்காலை நம் உடலின் எதிர்ப்பாற்றல் ஏற்பதில்லை. கொடுப்பவரும் நாமே, பெறுபவரும் நாமே. ஆண்களுக்கு வழுக்கை விழுவது நெற்றியிலும் உச்சியிலுமே. பின்னந்தலையிலும் பக்கங்களிலும் உள்ள மயிர்க்கால்கள், வழுக்கைக்குக் காரணமான ஹார்மோனுக்கு எளிதில் பணிவதில்லை. வேறிடத்தில் நட்டாலும் அவ்வியல்பை அவை விடுவதில்லை. நியூயார்க்கின் தோல் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் 1959இல் இதை எழுதி வெளியிட்டார். இன்றைய முடி நடவு முழுவதும் இவ்வுண்மையின் மேல்தான் நிற்கிறது.

எடுக்கும் முறைகள் இரண்டு. முதலாவது எஃப்யூடி. பின்னந்தலைத் தோலை நீண்ட பட்டையாக அறுத்தெடுத்துக் காயத்தைத் தைத்துவிடுவர். பட்டையை நுண்ணோக்கியின் கீழ் வைத்துச் சிறு தொகுதிகளாகப் பிரிப்பர். கோடு போன்ற வடு நிலைத்துவிடும். இரண்டாவது, இன்று எங்கும் விளம்பரப்படுத்தப்படும் எஃப்யூஇ. பின்னந்தலையை மழித்து, மரத்துப்போக ஊசியிட்டு, பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள குழல்முனைக் கருவியால் ஒவ்வொரு தொகுதியையும் சுற்றி வெட்டி, இடுக்கியால் உருவி எடுப்பர். ஒரு தொகுதியில் ஒன்று முதல் நான்கு முடிகள் இருக்கும். கருவியின் கோணம் சற்றுப் பிசகினால் வேர் தோலுக்குள்ளேயே அறுபடும். எடுத்ததை உலரவிட்டால் நடுவதற்கு முன்பே மடியும். இவ்வாறு ஓர் அமர்வில் இரண்டாயிரம், மூவாயிரம் முறை! 'தழும்பே இல்லாத சிகிச்சை' என்று இதற்கு விளம்பரம் செய்கிறார்கள். ஒவ்வொரு துளையும் ஒரு புள்ளி வடுவே. சுற்றிலும் முடி அடர்ந்திருக்கும் வரை அது கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

நாற்றங்காலில் பறித்து வயலில் நடுவதைப் போன்றது இது. ஆனால் உழவருடைய நாற்றங்காலில் அடுத்த பருவத்திற்கு மீண்டும் விதைக்கலாம். பின்னந்தலையில் மீண்டும் விதைக்க இயலாது. வேரோடு எடுத்த இடத்தில் முடி முளைப்பதில்லை. வாழ்நாள் முழுவதற்கும் ஒருவரிடமிருந்து பாதுகாப்பாக எடுக்கத்தக்கவை சில ஆயிரம் தொகுதிகளே. வழுக்கையோ ஓரிடத்தில் நிற்பதில்லை, வயதோடு விரியும். இருபத்தைந்து வயதில் நெற்றிக்காக அனைத்தையும் செலவழித்தவருக்கு நாற்பதில் உச்சி வெளுக்கும்போது எடுக்க ஏதுமிராது. அல்லாஹ் அளந்து கொடுத்த இவ்விருப்பை 'எத்தனை ஆயிரம் வேண்டுமானாலும் ஒரே விலை' என்று கூவி விற்கும் துணிவு எங்கிருந்து வந்தது?

நம்மிடம் ஓதிச் சென்ற மாணவர் ஒருவர், வளைகுடாவில் ஐந்தாண்டு உழைத்துத் திரும்பியவர், நிக்காஹ் பேச்சுத் தொடங்குமுன் முடி நட்டுக்கொண்டார். ஒரே நாளில் நாலாயிரம் தொகுதிகள் என்று கணக்குக் காட்டினார்களாம். பத்து மாதம் கழிந்து நம்மிடம் வந்து தொப்பியைக் கழற்றினார். நெற்றியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக முடி. பின்னந்தலையோ கறையான் அரித்த பலகையைப் போலிருந்தது. எடுத்தவர் யார் என்று வினவினோம். "டாக்டர் நெற்றியில் கோடு போட்டுவிட்டுப் போய்விட்டார், ஹஜ்ரத். மற்றதெல்லாம் இரண்டு பையன்கள்தான் செய்தார்கள்" என்றார். பிறகு சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "நீங்கள்தானே ஹஜ்ரத் கூடும் என்றீர்கள்?" என்று கேட்டார். அவர் குரலில் கோபமில்லை. அதனால்தான் அக்கேள்வி நம்மை இன்றுவரை விடவில்லை.

இஸ்தான்புல்லிலிருந்து நம் ஊர்ப் பெருநகரங்கள் வரை இந்தப் புகார் ஒன்றே. மருத்துவரின் பெயர் பலகையில் இருக்கும். கருவி வேறு கைகளில் இருக்கும். நம் நாட்டின் தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில் இதற்கென வழிகாட்டுதல் வெளியிட்டது. உரிய அறுவைப் பயிற்சி பெற்ற மருத்துவரே இதைச் செய்ய வேண்டும். பயிலரங்குகளிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்றது பயிற்சியாகாது என்று அது எழுதியது. யூடியூபைப் பார்த்து மனிதத் தலையை அறுக்காதீர்கள் என்று ஓர் ஆணையமே எழுத நேர்ந்ததென்றால் நிலைமையை எண்ணிப் பாருங்கள். 2016இல் சென்னையில் இச்சிகிச்சை செய்துகொண்ட 22 வயது மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்தார். மருத்துவம் பயின்ற பிள்ளைக்கே அந்நிலை!

மருத்துவ அறிவு உடையவரென அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்தால், விளையும் கேட்டிற்கு அவரே பொறுப்பாளி என்ற கருத்தில் ஹதீஸ் அபூதாவூதில் பதிவாகியுள்ளது. ஃபிக்ஹு அறிஞர்கள் இதிலிருந்து இழப்பீட்டுச் சட்டத்தையே வகுத்துள்ளனர். எனவே அறியாத கையால் துளையிடுபவர் மட்டுமல்லர், அக்கையை ஏவியவரும் மறுமையில் மட்டுமன்றி இம்மையிலும் விடை கூற வேண்டியவர்.

மற்றொரு ஹதீஸையும் நினைவூட்டுகிறோம். சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. நனைந்ததை அடியிலும் உலர்ந்ததை மேலும் வைத்திருந்த வணிகரை அவர்கள் கண்டித்தார்கள். முடி நடவு விளம்பரங்களைப் பாருங்கள். முன்னும் பின்னுமான இரு படங்களிலும் நெற்றிதான் தெரியும். அறுவடை நடந்த பின்னந்தலையைக் காட்டும் படம் எங்கே? நெற்றி உலர்ந்த தானியம். பின்னந்தலை நனைந்த தானியம். இவ்வணிகத்தில் முஸ்லிம்களும் இருக்கிறார்கள். சுவரில் ஆயத்துல் குர்ஸியை மாட்டிவிட்டு மேசையில் ஈரத்தை மறைப்பவர்களுக்கும் இந்த ஹதீஸ் பொருந்தும்.

"நல்ல மருத்துவரிடம் செய்து நலமாக இருப்போர் பலர் உண்டே" என்பீர்கள். உண்மை, அதை நாம் மறுக்கவில்லை. "அப்படியானால் ஹராம் என்றே அறிவித்துவிடலாமே" என்போருக்கும் விடை உண்டு: மார்க்கம் திறந்து வைத்த வாசலை நம் கோபத்தால் அடைக்க நமக்கு உரிமையில்லை. வாசலில் நிற்கும் வழிப்பறியைச் சுட்டிக்காட்டுவதே நம் கடமை.

பழி முழுவதும் வணிகர்மீது அன்று. மாப்பிள்ளையின் தொழுகையைக் கேட்குமுன் அவர் நெற்றியை அளக்கும் குடும்பங்கள் நம் மஹல்லாவில் இல்லையா? அந்த அச்சத்தில்தானே பிள்ளைகள் வட்டித் தவணைக்குக் கடன் வாங்கியும் தலையைக் கொடுக்கிறார்கள்? நமக்குக் கூடுமான ஒரு சிகிச்சைக்காகக் கூடாத வட்டியில் விழுவது எவ்வகை ஈமான்? ஹஜ்ஜில் அரசரும் கூலியாளும் தலையை மழித்து நிற்கும் உம்மத் அல்லவா நாம்!

ஆகவே சகோதரர்களே, இனி எவரேனும் நம்மிடம் கேட்டால், "கூடும்" என்ற சொல்லோடு ஐந்து கேள்விகளையும் சேர்த்தே கொடுப்போம். கருவியைப் பிடிக்கப்போகும் கை மருத்துவருடையதா? எத்தனை எடுப்பார்கள், எடுத்தபின் பின்னால் எவ்வளவு மிஞ்சும்? முன்னர் செய்துகொண்டவர்களின் பின்னந்தலையைக் காட்டுவார்களா? என் வழுக்கை இனியும் விரியுமானால் என்ன செய்வது? பணம் வட்டியில்லாதது தானா? இவற்றிற்கு எழுத்தில் விடை தராத இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். சிகிச்சைக்குப் பிந்தைய நாள்களில் தலையில் நீர் படக்கூடாதென்றால், உளூவில் மஸஹ் செய்வது பற்றியும் கடமையான குளிப்பைப் பற்றியும் முன்னதாகவே ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த மாணவருக்கு நாம் இழைத்த குறையை அல்லாஹ் மன்னிப்பானாக. அவன் தந்த உடலை அமானிதமாகப் பேணவும், பிறர் உடலில் கைவைக்கும்போது அவனை அஞ்சவும் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.