பெரிய திரையும் கடைசி பெஞ்சும்

தமிழில் ‘கெ’ என்று எழுதும்போது கொம்பு முதலில் வருகிறது, ககரம் பின்னால் வருகிறது. வாய் சொல்லும் முறை இதற்குத் தலைகீழ். ‘கொ’ என்று எழுதினால் ஒரே உயிரொலியின் குறி மெய்க்கு முன்னும் பின்னும் பிரிந்து நிற்கிறது. நம்மில் பெரும்பாலோர் ஆறு வயதில் இதைக் கடந்துவிட்டோம்; கடந்தது நினைவிலும் இல்லை. சில குழந்தைகளுக்கு அங்கேயே கால் இடறிவிடுகிறது. கண்ணில் கோளாறு இருக்காது, அறிவிலும் குறை இருக்காது. கதை சொல்லச் சொன்னால் வகுப்பையே கட்டிப்போடும் குழந்தை, புத்தகத்தைக் கையில் கொடுத்தால் வியர்த்துப்போகும். பள்ளிக்கூடம் அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘மெல்லக் கற்கும் மாணவர்’. வீட்டில் வைக்கும் பெயர் இன்னும் மோசமாக இருக்கும்.

தாம்பரத்தின் அரசுத் தொடக்கப் பள்ளி ஒன்றில் இந்தக் குழந்தையின் அருகில் யார் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 2021 நவம்பரில் மாநகராட்சியான ஊர் இது. வந்து குடியேறியவர்களால் பெருகிய ஊர். 1984-இல் சானடோரியம் பக்கம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகம் வந்தது முதல் வேலை தேடி வருவோர் வரத்து நிற்கவில்லை. இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் குடும்பத்தோடு வருகிறார்கள். அவர்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து வேறு விதமான புதிர். ‘கல்’, ‘தங்கம்’, ‘பகல்’ மூன்றிலும் ஒரே ககரம், ஒலியோ மூன்று. ஒவ்வோர் ஒலிக்கும் தனி எழுத்து வைத்திருக்கும் மொழியில் பிறந்த குழந்தை இதை யாரிடம் கேட்கும்? கிழக்கே பெரும்பாக்கம், செம்மஞ்சேரி, கண்ணகி நகர் பக்கம் போனால், கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெயர்த்து நடப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள். படிப்பாண்டின் நடுவே பள்ளி மாறியவர்கள் அவர்களில் உண்டு. முதல் பெஞ்சில் உட்கார்ந்தும் கரும்பலகை தெரியாத ஒரு பெண் குழந்தையும், காது மந்தமான ஒரு பையனும் அதே அறையில் இருக்கக்கூடும். ஆசிரியர் ஒருவர்தான்.

இந்த அறைக்குத்தான் ஸ்மார்ட் போர்டு வந்திருக்கிறது. தமிழ்நாடு அரசு இதில் கை சுருக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். 22,931 தொடக்கப் பள்ளிகளில் திறன்மிகு வகுப்பறைகள், 8,209 நடுநிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள், 79,723 தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினிகள் என்பது அரசின் திட்டக் கணக்கு. 2018-இல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு இருக்கிறது. 2019 முதல் கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது. மணற்கேணி செயலியில் பாடங்கள் காணொலிகளாகக் கிடைக்கின்றன. பணமும் உழைப்பும் போட்ட காரியங்கள் இவை. ஏளனம் செய்வது அறமாகாது.

ஆனால் ஒரு கேள்வியைத் தள்ளிப்போட முடியாது. நாற்பது குழந்தைகளுக்கும் ஒரே நேரத்தில் ஒரே காணொலியை ஒரே வேகத்தில் காட்டும் திரை, வண்ணம் பூசிய கரும்பலகையிலிருந்து எந்த வகையில் மாறுபட்டது? கரும்பலகையில் ஆசிரியர் எழுதியது பத்து நிமிடமாவது நிற்கும், மெதுவாகப் படிக்கும் பிள்ளை இரண்டு முறை பார்த்துக்கொள்ளலாம். திரையில் ஓடும் காணொலி காத்திருக்காது. மெல்லக் கற்பவர் என்று யாரை நாம் சொல்கிறோமோ, அவருக்கு இந்தத் தொழில்நுட்பம் முன்னைவிட வேகமான வகுப்பாகக்கூட ஆகிவிடலாம்.

இது என் ஊகமன்று. அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பொருளியல் அறிஞர் கார்த்திக் முரளிதரனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2015-இல் டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளைச் சோதித்தார்கள். பள்ளி நேரத்துக்குப் பிறகு ஒரு மையத்தில், ஒவ்வொரு பிள்ளையும் தனித் திரையில், தான் உண்மையில் நிற்கும் படியிலிருந்து கற்கும் ஏற்பாடு. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். நான்கரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. என்னை உலுக்கியது வேறொரு முடிவு. அந்த மையத்துக்கு வராமல் வழக்கமான வகுப்பில் மட்டும் உட்கார்ந்திருந்தவர்களில் கடைசி மூன்றில் ஒரு பங்கினர் அந்தக் காலத்தில் ஏறக்குறைய எதையுமே கற்றிருக்கவில்லை. வகுப்புக்கு வந்தார்கள், உட்கார்ந்தார்கள், போனார்கள்.

மறுபக்கச் சான்றும் உண்டு. குஜராத்தில் கியான் சாலா பள்ளிகளில் லீ லிண்டன் செய்த ஆய்வில், கணினி ஆசிரியரின் நேரத்தைப் பிடித்துக்கொண்டபோது பிள்ளைகள் முன்பைவிடக் குறைவாகக் கற்றார்கள்; பள்ளி முடிந்த பிறகு கூடுதலாக வந்தபோது, குறிப்பாகப் பின்தங்கியவர்கள் பயன் பெற்றார்கள். பெரு நாட்டில் கிராமப் பள்ளிகளுக்கு ஆளுக்கொரு மடிக்கணினி கொடுத்துப் பார்த்தார்கள். 2012-இல் வெளியான மதிப்பீட்டில் கணக்கிலும் மொழியிலும் மாற்றம் இல்லை. கருவி ஒன்றுதான், யாருடைய எந்தப் படிக்கு அது இறங்கி வருகிறது என்பதில்தான் விளைவு மாறுகிறது.

தமிழ்நாட்டுக்கு இந்தச் சிந்தனை புதிதும் இல்லை. 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் ஒரே வகுப்பில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துப் பாடம் நடத்தச் சொல்கிறது. பெயரிலேயே ஒரு கனிவு இருக்கிறது: அரும்பு மக்கு ஆகாது, மலர நாளெடுக்கும், அவ்வளவே. வகுப்பறைக் கருவிகளும் இந்த வழியில்தான் வர வேண்டும். மலருக்குப் போட்ட காணொலியை அரும்பு பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. ஆசிரியர் மொட்டுகளோடு உட்கார்ந்திருக்கும் இருபது நிமிடத்தில், இரண்டு கைக்கணினிகளில் நான்கு அரும்புகள் எழுத்தைத் தொட்டு ஒலியைக் கேட்டுக்கொண்டிருந்தால் அந்த வகுப்பில் தொழில்நுட்பம் வேலை செய்கிறது என்று நான் சொல்வேன். சுவரில் திரை இருக்கிறதா என்பது எனக்கு இரண்டாவது கேள்வி.

இனி, பெரிதாகச் செலவு பிடிக்காத, ஆனால் யாரும் பேசாத ஒரு தடைக்கு வருகிறேன். எழுத்துரு.

பார்வையற்ற குழந்தைக்கும், எழுத்து இடறும் குழந்தைக்கும் இன்று கிடைத்திருக்கும் பெரிய வரம், எழுதியதை உரக்க வாசித்துக் காட்டும் மென்பொருள். பார்வையற்ற இரு ஆஸ்திரேலிய இளைஞர்கள் 2006-இல் தொடங்கிய என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம், தமிழும் வாசிக்கும். ஆண்ட்ராய்டு போன்களிலும் தமிழ் வாசிக்கும் குரல் கிடைக்கிறது. ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் ஹேமா மூர்த்தியின் குழு இந்திய மொழிகளுக்கான குரல்களை ஆண்டுக்கணக்காகச் செதுக்கியிருக்கிறது. குரல் தயார். வாசிக்கக் கொடுக்கும் எழுத்துதான் தயாராக இல்லை.

காரணம் எளியது. நம் பள்ளிகளிலும் டிடிபி கடைகளிலும் இன்னும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்கிறார்கள். பாமினியில் ‘அம்மா’ என்று அடித்தால் கண்ணுக்கு அம்மா தெரியும். கணினியின் நினைவில் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்ற ஆங்கில விசைகளின் வரிசை. எழுத்துரு அதற்குத் தமிழ்ச் சட்டை போட்டுவிட்டிருக்கிறது. திரைவாசிப்பான் சட்டையைப் பார்க்காது, உள்ளிருப்பதை வாசிக்கும். பார்வையற்ற மாணவியின் காதில் அம்மா என்ற சொல் ஓர் உளறலாக விழுகிறது. தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே சேமிக்கும் யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010 ஜூனிலேயே தரமாக ஏற்று ஆணையிட்டது. அந்த ஆணை பிறந்தபோது பிறந்த குழந்தை இன்று பத்தாம் வகுப்பைத் தாண்டியிருக்கும். வினாத்தாள்களும் பயிற்சித்தாள்களும் மட்டும் இன்னும் தாண்டவில்லை. வாட்ஸ்அப்பில் வரும் வீட்டுப்பாடம் இதைவிட மோசம், தாளைப் போட்டோ எடுத்து அனுப்புகிறோம். அதில் எழுத்தே இல்லை, படம்தான் இருக்கிறது.

ஒரு சுற்றறிக்கையும் அரை நாள் பயிற்சியும் தீர்த்துவிடக்கூடிய விஷயம் இது. ஸ்மார்ட் போர்டின் விலையில் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது.

இதேபோல இன்னொன்று, சப்டைட்டில். காணொலியின் கீழே பேசுவதை அப்படியே தமிழில் எழுத்தாக ஓடவிடுவது. பிரிஜ் கோத்தாரி 1999-இல் அகமதாபாத் தூர்தர்ஷனில் குஜராத்தித் திரைப்பாடல்களுக்குக் கீழே அதே மொழியில் வரிகளை ஓடவிட்டார். பாட்டை முணுமுணுத்துக்கொண்டே அரைகுறையாகப் படிக்கத் தெரிந்தவர்கள் வாசிப்பில் தேறினார்கள். காது கேளாதோருக்காக என்று நினைப்பதை எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதே இதன் அழகு. பல்லாவரம், பம்மல் பக்கத்து வகுப்பறைகளுக்கு இது கூடுதலாகவே பொருந்தும். தலைக்கு மேல் விமானம் இறங்கும் அரை நிமிடத்தில் வகுப்பில் எல்லோருக்குமே காது கேட்பதில்லை. சக்கர நாற்காலிக்காகப் போட்ட சாய்தளத்தில் தள்ளுவண்டியும் கர்ப்பிணியும் ஏறுவதைப் போலத்தான் இதுவும்.

பேச வராத குழந்தைகளுக்கான கதை நம் வாசலிலேயே நடந்தது. அஜித் நாராயணன் உருவாக்கிய ஆவாஸ் என்ற கருவி, கோட்டூர்புரம் வித்யாசாகரில் மூளை முடக்குவாதக் குழந்தைகளோடு பழகிப் பழகி உருவெடுத்தது. படத்தைத் தொட்டால் கருவி வாக்கியம் பேசும். 2010-இல் தேசிய விருது பெற்றது. இன்று செயலியாகத் தமிழிலும் கிடைக்கிறது. பழைய மாமல்லபுரம் சாலையில் கலவாக்கம் எஸ்எஸ்என் பொறியியல் கல்லூரி ஆய்வாளர்கள், பேச்சு குழறுபவர்களின் தமிழைப் பதிவு செய்து ஒரு தரவுத்தொகுப்பே உருவாக்கியிருக்கிறார்கள். முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. தாம்பரத்திலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தூரத்துக்குள் இத்தனை அறிவு குவிந்திருக்கிறது. முடிச்சூரிலோ மாடம்பாக்கத்திலோ ஒரு நான்காம் வகுப்பு ஆசிரியைக்கு இவற்றின் பெயர்கூடத் தெரியாமல் போகலாம். அது அவர் குற்றமாகாது. பள்ளிக் கல்வித் துறையின் தகவல் தளமான எமிஸில் வருகை பதிவு, மதிப்பெண் பதிவு, நலத்திட்டப் பதிவு என்று அவருடைய கைக்கணினி முழுக்க மேலே அனுப்பும் விவரங்களுக்கே செலவாகிறது. கருவி கையில் இருக்கிறது, அதைக் குழந்தையின் பக்கம் திருப்ப நேரமில்லை.

இடையில் நிற்க வேண்டியவர் சிறப்புப் பயிற்றுநர். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் முன்பிருந்த ஏழு வகைகளை 21 ஆக்கி, கற்றல் குறைபாட்டையும் ஆட்டிசத்தையும் சேர்த்தது. தொடக்க வகுப்பில் பத்துக் குழந்தைகளுக்கு ஒருவர், உயர்நிலையில் 15 பேருக்கு ஒருவர் என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விகிதம் சொன்னது. நம் வட்டார வள மையத்திலிருந்து வரும் பயிற்றுநர் பல பள்ளிகளுக்கு நடையாய் நடக்கிறவர், தொகுப்பூதியத்தில் இருப்பவர். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்கு 2024–25-க்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தபோது, அந்தத் திட்டத்தின் பணத்தை நம்பியிருந்த இவர்களைப் போன்றோரின் வாழ்க்கையும் சேர்ந்து தொங்கியது. அந்த நிறுத்தத்துக்குக் காரணமான, ஒன்றிய அரசின் பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்டம் வேண்டுமா வேண்டாமா என்ற வாதம் எப்படிப் போனாலும், அரும்புகளோடு உட்கார வேண்டியவரின் சம்பளம் அதற்குப் பணயமாகக் கூடாது.

‘நலம் நாடி’ செயலியைப் பற்றியும் ஒரு சொல். வகுப்பாசிரியரே கேள்விகளுக்கு விடையளித்து, எந்தக் குழந்தைக்கு மேற்பரிசோதனை தேவை என்று முன்கூட்டியே கண்டறிய உதவும் செயலி அது. நல்ல தொடக்கம். ஆனால் செயலியில் பெயர் ஏறிய குழந்தைக்கு அடுத்த மாதம் என்ன மாறியது என்று பெற்றோருக்குத் தெரிய வேண்டும். கண்டறிதல் மட்டும் நடந்து உதவி வராவிட்டால், மிஞ்சுவது முத்திரைதான். கூலி வேலைக்குப் போகும் தாய் இரண்டு நாள் சம்பளத்தை விட்டுப் பரிசோதனை முகாமுக்குக் குழந்தையை அழைத்துவருகிறார்; சான்றிதழோடு மட்டும் அவரைத் திருப்பி அனுப்பக் கூடாது.

பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வில் கற்றல் குறைபாடுள்ள மாணவருக்குச் சொல்வதை எழுதுபவர் உண்டு, கூடுதலாக ஒரு மணி நேரம் உண்டு, ஒரு மொழிப்பாட விலக்கும் உண்டு. நியாயமான சலுகைகள். அதற்கு முந்தைய ஒன்பது ஆண்டுகள் அதே பிள்ளைக்கு அச்சிட்ட தாளைத் தவிர வேறு வழி காட்டியிருக்கிறோமா? மூன்றாம் வகுப்பிலேயே பாடத்தைக் காதால் கேட்டும், வாயால் விடை சொல்லியும் பழகியிருந்தால், அவர் தேர்வு அறையில் முதல்முறையாக ஓர் அந்நியரிடம் தன் விடையைச் சொல்லத் தடுமாற வேண்டியிருக்காது.

அடுத்த அரையாண்டுத் தேர்வுக்கு வினாத்தாள் தட்டச்சாகும்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் அது யூனிகோடில் அடிக்கப்படட்டும். புனித தோமையார் மலை ஒன்றியத்திலும் காட்டாங்கொளத்தூர் ஒன்றியத்திலும் பள்ளிக்கு ஒரு கைக்கணினியும் ஒரு ஹெட்போனும் ஒதுக்கி வைக்கட்டும். மூன்றாம் கேள்வியை இரண்டாம் முறை கேட்க விரும்பும் குழந்தை, யாரையும் கேட்காமல் தானே விரலால் தொட்டுக் கேட்டுக்கொள்ளும்.