மலையைக் காணாத மழைக்கணக்கு

மலைநாட்டின் எதிர்கால மழையைப் பற்றி எழுதப்படும் அறிக்கைகளைப் புரட்டுவோர் ஓர் அதிசயத்தைக் காண்பர். 2050ஆம் ஆண்டளவில் இன்ன பிரிவில் மழை இத்தனை வீதம் கூடும், அதற்கடுத்த பிரிவில் இத்தனை வீதம் குறையும் என்று தசமப் புள்ளியோடு கணக்கு நிற்கும். பக்கத்தில் வண்ணப்படமும் இருக்கும். படத்தைக் கண்டதும் கைகூப்புவோர் ஒரு சாரார். கணினி கக்கிய பொய்யென்று கைகழுவுவோர் மறு சாரார். இவ்விரு சாராரோடும் எமக்கு வழக்குண்டு.

பிராந்திய காலநிலை மாதிரியுரு என்பது யாது? உலகம் முழுவதையும் கணக்கிடும் மாதிரியுருக்கள் பூமியை ஏறத்தாழ 100 கிலோமீற்றர், சிலவேளை அதனினும் அகன்ற கட்டங்களாக வகுக்கின்றன. அவற்றின் விடையை எல்லையிலே வாங்கிக்கொண்டு, குறித்த ஒரு நிலப்பரப்பினுள் மாத்திரம் காற்று, ஈரம், வெப்பம் ஆகியவற்றின் பௌதிக விதிகளைச் சிறிய கட்டங்களில் மீண்டும் கணக்கிடுவதே பிராந்திய மாதிரியுரு. தென்னாசியாவுக்கென 'கோர்டெக்ஸ்' கூட்டுத்திட்டத்தில் ஓடிய மாதிரியுருக்களிற் பல ஏறத்தாழ 50 கிலோமீற்றர்க் கட்டங்களைக் கொண்டவை. பின்னர் வந்தவை 25 கிலோமீற்றர்.

சிறிய கட்டம் என்கிறார்கள். அதனை இலங்கைப் படத்தின்மேல் வைத்துப் பார்ப்போமே! நாட்டின் பரப்பு 65,610 சதுர கிலோமீற்றர். முதல் வகையில் முழு நாடும் 26 கட்டங்களுள் அடங்கிவிடும். இரண்டாம் வகையில் 105. ஒரு கட்டத்துக்கு ஓர் உயரமே உண்டு. எனவே 2,524 மீற்றர் உயர்ந்த பீதுருதலாகல மலை தன்னைச் சூழ்ந்த பள்ளத்தாக்குகளோடு சராசரியாக்கப்பட்டு வெறும் மேடாகிவிடுகின்றது. கணவாய்களும் கிடுகிடு சரிவுகளும் அங்கு இல்லவேயில்லை.

இஃது அற்பக் குறையன்று. மலைநாட்டில் மழையை வகுப்பது மலையே. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் ஏறிக் குளிர்ந்து ஈரத்தைக் கொட்டுகின்றது. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கத்தில் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரைத் தாண்டுவது இதனாலேயே. அதே மாதங்களில், சில பத்துக் கிலோமீற்றர் கிழக்கே, ஊவாவின் புல்வெளிகள் காய்ந்து கிடக்கும். மலை கடந்து இறங்கிய அந்தக் காற்றுத்தான் மட்டக்களப்பிலே கச்சானாக வந்து சுடுகின்றது. (கச்சான் என்றதும் கடலையை நினைக்கும் கொழும்பு வாசகர் எம்மை மன்னிப்பாராக!) மலையைத் தாழ்த்திவிட்ட கணக்கில் இந்த மழை மறைவு மங்கிப்போகும், நனைய வேண்டிய சரிவு காயும், காய வேண்டிய சரிவு நனையும். சில மாதிரியுருக்கள் காற்று மோதும் முகப்பில் அளவுக்கு மிஞ்சிக் கொட்டவும் செய்கின்றன.

இன்னொரு குறை இதனினும் பொல்லாதது. வெப்பவலயத்து இடிமழை மேற்காவுகையாற் பிறப்பது. அம்முகிலின் அகலம் சில கிலோமீற்றர்தான். 25 கிலோமீற்றர்க் கட்டத்தினுள் அதனைக் காண இயலாமையால், அதற்கொரு குத்துமதிப்பான சூத்திரத்தைப் புகுத்துகிறார்கள். விளைவு? பின்னேரத்தில் வரவேண்டிய மழை நண்பகலிலேயே வந்துவிடுகின்றது. தூறல் நாட்கள் பெருகுகின்றன. கொட்டும் நாட்கள் அருகுகின்றன. மாத இறுதியில் கூட்டிப் பார்த்தாற் தொகை சரியாக இருக்கவுங்கூடும். அத்தொகையைக் காட்டி மாதிரியுரு தேறிவிட்டதென்று மகிழ்வோர் உளர். மாதத் தொகையால் மலை சரிவதில்லை, நண்பர்களே!

24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 எனில் எச்சரிக்கை, 150 எனில் வெளியேற்றம்: தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு வைத்துள்ள படிகள் இவை. 625 சதுர கிலோமீற்றருக்குச் சராசரி 60 மில்லிமீற்றர் என்று கணினி சொல்லும் அதே நாளில், அதனுள் ஒரு சரிவில் 200 பெய்திருக்கலாம். அந்தச் சரிவின் அடியில் லயன் இருக்கிறதா, துரையின் பங்களா இருக்கிறதா என்பதை வாசகருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

ஆயினும் மாதிரியுருவைக் குப்பையில் எறியச் சொல்லும் சாராரோடு நாம் சேரோம். பருவங்களின் வரவையும், காற்றின் திசைமாற்றத்தையும், மேற்குச் சரிவே ஈரமானது என்ற பொது உண்மையையும் அது பெரும்பாலும் சரியாகவே காட்டுகின்றது. கட்டத்தை 4 கிலோமீற்றருக்குக் கீழே இறக்கினால் பெருமுகில்களைக் குத்துமதிப்பின்றி நேரே கணக்கிடலாம். பின்னேர மழை பெரிதும் பின்னேரத்துக்கே திரும்புகின்றது. ஆனாற் கட்டத்தைப் பாதியாக்குந்தோறும் கணக்கு வேலை ஏறத்தாழ எட்டு மடங்காகும். 25இலிருந்து 3க்கு இறங்க ஐந்நூறு மடங்குக்கு மேல் வேண்டும். இத்தகைய கணினிகள் யாருடைய நாடுகளில் மிகுந்திருக்கின்றன? எந்த மலைகள் முதலில் நுணுக்கமாகக் கணக்கிடப்படுகின்றன? அல்ப்ஸ் மலைக்குக் கிடைத்த கவனம் வெப்பவலய மலைகளுக்குக் கிடைக்கவில்லை.

மாதிரியுருவைச் சோதிக்க அளந்த மழை வேண்டும். செய்மதிகள் மலைச்சரிவில் தாழ்ந்த முகில்கள் பொழியும் மழையைக் குறைத்தே மதிக்கின்றன. மழைமானிகளோ உயரத்திற் குறைவு. பள்ளத்தாக்கு மானியைக் கொண்டு கணக்கைத் திருத்தினால், உச்சியின் மழையும் பள்ளத்தாக்கு மழையாகத் 'திருத்தப்பட்டு'விடும்! தோட்டங்களில் வெள்ளைத் துரைமார் காலந்தொட்டு மழை அளந்து எழுதப்பட்டு வந்தது உண்மை. கொழுந்தின் வரவை அறியவே அது எழுதப்பட்டது. லயனின் உயிரை எண்ணியன்று.

இறுதியாக, கைகழுவும் கனவான்களுக்கு. வெப்பம் ஒரு பாகை செல்சியசு கூடினால் வளி தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 வீதம் கூடும். கொட்டும் மழை மேலும் கடுமையாகும் என்பதை ஊகிக்க எந்த வண்ணப்படமும் தேவையில்லை. மாதிரியுருக்கள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன, தெளிவு வரட்டும், பிறகு குடியேற்றத்தைப் பேசலாம் என்பது நாம் அடிக்கடி கேட்கும் வாதம். கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில் லயன்களை மண் மூடியது. அவ்விடம் ஆபத்தானதென 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. அங்கே எந்தக் கட்டத்தின் நுணுக்கம் போதாமற் போயிற்று? 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டில் அறுநூறுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டபோது, மலைநாட்டின் சரிவுகள் மீண்டும் இறங்கின.

நாம் கேட்பவை சிலவே. தோட்டக் கந்தோர்களில் உள்ள மழைப் பதிவேடுகளை அரசு பெற்றுப் பொதுவில் வைக்கட்டும். நுண்கட்ட மாதிரியுருக்களை எமது மலைகளுக்கு ஓட்டவும், ஓட்டியதை இங்குள்ள பல்கலைக்கழகங்கள் சோதிக்கவும் வழிசெய்யட்டும். ஆபத்தான சரிவின்கீழ் உள்ளோருக்குக் காணியும் வீடும் இப்பொழுதே வழங்கட்டும். அதுவரை ஒவ்வொரு லயனுக்கும் மேலே ஒரு மழைமானி நிற்கட்டும். அதனை வாசிக்கும் பொறுப்பையும், 150ஐத் தொட்ட இரவில் தொழிற்சாலைச் சங்கை ஊதும் அதிகாரத்தையும் அங்கு குடியிருப்போரிடமே கொடுக்க வேண்டும்.